சிட்ஜஸ் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பெயினில், பார்சிலோனாவிலிருந்து தென்மேற்கே சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கிறது சிட்ஜஸ். தன்பாலின ஈர்ப்பாளர்கள் ஒளிவுமறைவில்லாமல் விடுமுறை கழிக்க வரும் ஊர் என்று ஐரோப்பா முழுக்கப் பெயர்பெற்றது. சின்ன ஊர், ஆனால் திருவிழாக்களுக்குக் குறைவே இல்லை. அதனாலேயே தேதி பார்க்காமல் போகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

தவக்காலத்துக்கு முன்பு வேடமிட்டுக் கொண்டாடும் கார்னிவல் விழாவின் தேதி ஈஸ்டரைப் பொறுத்து மாறும். பெரும்பாலும் பிப்ரவரியில் வரும், சில வருடம் மார்ச்சுக்குத் தள்ளிப்போகும். போன வருடத் தேதியை வைத்து விமான டிக்கெட் எடுக்காதீர்கள். பெரிய ஊர்வலங்கள் ஞாயிறும் செவ்வாயும் இரவில் நடக்கும். கடற்கரை ஊர்தானே என்று மெல்லிய சட்டையோடு போனால் குளிர் வாட்டிவிடும். ஜூனில் தன்பாலின ஈர்ப்பாளர்களின் பெருமைக் கொண்டாட்டமான பிரைட், அக்டோபரில் 1968 முதல் நடந்துவரும் திரைப்பட விழா. இந்த நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.

கார் எடுத்துப் போவதும் வேண்டாத வேலை. பழைய ஊரின் சந்துகளில் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். பார்சிலோனாவின் சான்ட்ஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறக்குறைய 40 நிமிடத்தில் சிட்ஜஸ். இரவே திரும்புவதாக இருந்தால் கடைசி ரயில் எப்போது என்பதைப் போகும்போதே பார்த்து வையுங்கள்.

ஊரின் பாதுகாவலரான புனித பர்த்தலமேயுவின் திருவிழா ஆகஸ்ட் 23, 24 தேதிகளில். பிசாசு வேடமிட்டவர்கள் தீப்பொறி பறக்கும் வாணங்களைச் சுழற்றிக்கொண்டு தெருவில் ஆடி வருவார்கள். பாலியஸ்டர் உடையோடு பக்கத்தில் போகவே கூடாது. பழைய பருத்திச் சட்டை, தொப்பி, மூடிய காலணி, இதெல்லாம் கட்டாயம். இது சுற்றுலாவுக்காகப் போடும் நிகழ்ச்சி இல்லை, ஊர்க்காரர்கள் எடுக்கும் விழா. அவர்களுக்கு வழிவிட்டு நில்லுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு ஒன்று உண்டு. கைகோத்து நடக்கும் இரண்டு ஆண்களை ஏதோ காட்சிப்பொருள் போலக் கேமராவில் பிடிப்பது. பாஸா ரொதோனா கடற்கரையிலும், உடையின்றிக் குளிக்கும் பால்மின்ஸ் கடற்கரையிலும் போனைப் பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். அங்கே படுத்திருப்பவர்களில், சொந்த ஊரில் வீட்டுக்குத் தெரியாமல் வாழ்கிறவர் எத்தனையோ பேர். ஒரு படம் இணையத்தில் ஏறினால் அவர்கள் வாழ்க்கையே குலைந்துபோகலாம்.

இந்த ஊரிலும் சுதந்திரம் சும்மா வந்துவிடவில்லை. 1996இல் உள்ளூர்ப் போலீஸ் தன்பாலின ஈர்ப்பாளர்களின் விவரங்களைப் பட்டியல் எடுத்தது. அதை எதிர்த்து அக்டோபர் 5 அன்று ஊர்வலம் போனார்கள். பத்தாண்டு கழித்து, 2006இல், கடலோர நடைபாதையில் இளஞ்சிவப்பு முக்கோண நினைவுச்சின்னம் வைக்கப்பட்டது. நாஜி வதைமுகாம்களில் தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்களின் உடையில் தைக்கப்பட்ட அடையாளம் அது. அதன் முன்னால் சிரித்துக்கொண்டு செல்ஃபி எடுக்காதீர்கள்.

நம் ஊரிலிருந்து ஜோடியாகப் போகும் இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ பயந்துகொண்டு தனித்தனிக் கட்டில் கேட்க வேண்டியதில்லை. ஸ்பெயினில் 2005 முதல் ஒரே பாலினத்தவர் திருமணம் சட்டப்படி செல்லும். இருவருக்கும் சேர்த்து ஒரே கட்டில் வேண்டும் என்று தயங்காமல் எழுதுங்கள்.

அப்புறம், கடலும் கொண்டாட்டமும் மட்டும் என்று நினைத்து ஓவியர் சந்தியாகோ ருசிஞோலின் வீட்டைத் தவறவிடாதீர்கள். பாரிஸில் வாங்கிய, பழம்பெரும் ஓவியர் எல் கிரேக்கோவின் இரண்டு ஓவியங்களை 1894இல் அவர் தெருத்தெருவாக ஊர்வலமாக எடுத்துவந்து அங்கே வைத்தார். இன்று காவ் ஃபெர்ராட் அருங்காட்சியகமாக இருக்கும் அந்த வீட்டுக்குத் திங்கட்கிழமை விடுமுறை.