கம்பெனிக்கு விலை போடுவது எப்படி? வரி, வளர்ச்சி, பணவீக்கம்

ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும். கற்பனையாக ஒரு பெரிய கம்பெனி. அடுத்த வருடம் வரிக்கு முந்தைய லாபம் 100 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: வரியைக் கழியுங்கள். 2019 செப்டம்பர் 20 அன்று, மற்ற வரிச்சலுகைகள் வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் கம்பெனிகளுக்கு 22 சதவீத வரி போதும் என்று மத்திய அரசு அறிவித்தது. வரியின் மேல் விதிக்கும் கூடுதல் வரிகளான சர்சார்ஜ், செஸ் சேர்த்தால் 34.94 சதவீதம் 25.17 ஆனது. நம் கம்பெனிக்கு மிஞ்சுவது 65.06 கோடி அல்ல, 74.83 கோடி. ஒரு பொருள்கூட கூடுதலாக விற்காமலே லாபம் 15 சதவீதம் ஏறிவிட்டது. அன்று சென்செக்ஸ் 1,900 புள்ளிகளுக்கு மேல் எகிறியதில் ஆச்சரியம் என்ன!

படி 2: வளர்ச்சியே இல்லை என்று கணக்கிடுங்கள். முதலீட்டாளர் போடும் பணத்துக்கு வருடம் 12 சதவீத வருமானம் எதிர்பார்க்கிறார் என்றால், கம்பெனியின் விலை 74.83 ÷ 0.12, சுமார் 624 கோடி.

படி 3: வளர்ச்சி. புதியவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். வருடம் 5 சதவீதம் வளரும் என்றதும் 12-இல் 5-ஐக் கழித்து, 74.83 ÷ 0.07 = 1,069 கோடி என்று எழுதிவிடுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் வளர மெஷின் வேண்டும், சரக்கு வேண்டும். அந்தப் பணம் இதே லாபத்திலிருந்துதான் போகும். போட்ட பணத்துக்கு 12 சதவீதமே கிடைக்கிறது என்றால், 5 சதவீத வளர்ச்சிக்கு லாபத்தில் 12-இல் 5 பங்கைத் திரும்பப் போட வேண்டும். மீதி 43.65 கோடி. அதை 0.07-ஆல் வகுத்துப் பாருங்கள்: மறுபடியும் 624! இவ்வளவு ஓடியும் விலை நகரவில்லை. அதுவே 20 சதவீதம் சம்பாதிக்கும் கம்பெனி என்றால் கால் பங்கு போட்டால் போதும், மீதி 56.12 கோடி, விலை சுமார் 802 கோடி.

படி 4: பணவீக்கம். ரிசர்வ் வங்கியின் இலக்கு 4 சதவீதம், மேல் எல்லை 6. பணவீக்கம் 4-லிருந்து 6-க்குப் போனால் முதலீட்டாளரின் எதிர்பார்ப்பும் 14 ஆகும். தன் பொருளின் விலையை அதே வேகத்தில் ஏற்ற முடிந்தால் வளர்ச்சியும் 7 ஆகி, எதிர்பார்ப்புக்கும் வளர்ச்சிக்கும் உள்ள இடைவெளி 7-லேயே நிற்கும்; பெரிய சேதம் இல்லை. ஏற்ற முடியாவிட்டால் வளர்ச்சி 5-லேயே நிற்கும், இடைவெளி 9. சரி, அந்த 20 சதவீதக் கம்பெனியின் 56.12-ஐ 0.09-ஆல் வகுங்கள்.

அதே 624.