சண்டைக் காட்சியை முதலில் எழுதாதீர்கள்: முறிகிற காதலைக் குறும்படமாக எடுப்பவர்களுக்கு

பாளையங்கோட்டைப் பக்கம் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கிற பிள்ளைகள் எடுக்கிற குறும்படங்களில் காதல் கைகூடாமல் போகிற கதைக்கு எப்போதும் இடம் உண்டு. அதில் எந்தக் குறையும் இல்லை. இருபது வயதில் மிக நெருக்கத்தில் பார்த்த துயரம் பலருக்கு அதுதான். ஆனால் படம் முடிந்து வெளியே வரும்போது அழுத முகம் ஒன்றுதான் நினைவில் நிற்கிறது. அந்த இரண்டு பேரும் எதனால் சேர்ந்திருந்தார்கள், எங்கே பிடி நழுவியது என்று யாரைக் கேட்டாலும் சொல்லத் தெரிவதில்லை.

நண்பர்களும் நானும் கல்லூரிக் கடைசி வருஷத்தில் இதே விஷயத்தைத்தான் எடுத்தோம். அப்புறம் ஜூனியர்களின் ஸ்கிரிப்டுகளைப் படிக்கவும், படப்பிடிப்புக்குக் கூடப் போகவும் நிறைய வாய்த்தது. அங்கெல்லாம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்ட தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, சண்டையைக் கதை என்று எண்ணுவது. காதல் முறிகிறது என்றதும் பேனா நேராகக் கடைசிச் சண்டைக்குத்தான் ஓடும். மழை, கத்தல், தூக்கி எறிந்த செல்போன். அதற்கு முன்னால் வருவதெல்லாம் அந்தச் சண்டைக்குப் போகிற வழி மட்டுமே ஆகிவிடும். உண்மையில் ஒரு காதல் உடைவது, இரண்டு பேரும் அதை உடையவிடாமல் பார்த்துக்கொள்ள முயன்றுகொண்டிருக்கும்போதுதான். அந்த முயற்சிதான் படம். சண்டை வரும் நாளில் கதை ஏற்கெனவே முடிந்திருக்கும்.

இதோடு ஒட்டி வருகிற இன்னொரு குழப்பம், ஊடலை முறிவு என்று எடுப்பது. நம் பழைய கவிஞர்கள் இந்த இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கவில்லை. ஊடலை மருதத்துக்கும் பிரிவைப் பாலைக்கும் கொடுத்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொள்கிற பெண், அவன் வந்து சமாதானம் செய்வான் என்று இன்னும் எதிர்பார்க்கிறாள். அந்த எதிர்பார்ப்பு இருக்கும்வரை காதலுக்கு உயிர் இருக்கிறது. முறிகிற காதலில் யாரும் கோபித்துக்கொள்வதே இல்லை. தாமதமாக வந்தால் ‘பரவாயில்லை’ என்பார்கள். பிறந்தநாளை மறந்தால் ‘வேலை இருந்திருக்கும்’ என்பார்கள். ஸ்கிரிப்டில் உங்கள் நாயகி கத்துகிற இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றில் பாதியில் அவள் மரியாதையாக நடந்துகொள்வதாக எழுதிப் பாருங்கள். காட்சி அங்கேயே கனக்க ஆரம்பிக்கும்.

எங்கள் படத்தில் எனக்கு இன்றும் பிடித்த காட்சி பத்தமடையில் எடுத்தது. அங்கே கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறவைத்து, இழை இழையாகக் கிழித்து, பட்டுப் பாய் நெய்வார்கள். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயரையும் சேர்த்து நெய்வது உண்டு. கதையில் இந்த இருவரும் நல்லாயிருந்த காலத்தில் அப்படி ஒரு பாய்க்கு முன்பணம் கொடுத்திருக்கிறார்கள். இப்போது அதைப் பார்க்க வருகிறார்கள். நெய்கிற அம்மா தலையைத் தூக்காமலே, “பொண்ணு பேரை முழுசாப் போடணுமா, சுருக்கிப் போட்டாப் போதுமா?” என்று கேட்கிறார். அவன், “அவகிட்டயே கேளுங்க” என்கிறான். அவளோ, “எது சுலபமோ அதப் போடுங்க” என்கிறாள். மீதிப் பணத்தை அவன் எண்ணி வைக்கிறான். பாய் முடிந்ததும் யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் காட்சி. காதல், பிரிவு, கல்யாணம் என்ற சொற்கள் எதுவும் அதில் இல்லை. ஒரு வேலையைச் சேர்ந்து செய்ய வந்தவர்கள், ஆளுக்கு ஒரு பக்கமாக அதை முடித்துவிட்டுப் போகிறார்கள்.

ஆகவே உங்கள் இரண்டு பேருக்கும் காட்சிதோறும் ஒரு வேலை கொடுங்கள். வண்டிக்குப் பெட்ரோல் போடட்டும், வாடகை வீடு பார்க்கட்டும், அவளுடைய அக்கா பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரட்டும். காபிக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து உணர்ச்சியைப் பேசுகிற காட்சிகளைவிட இவை எழுதச் சுலபம், நடிக்கவும் சுலபம். புதிதாக நடிக்க வருகிறவர்களுக்குக் கையில் ஒரு வேலை இருந்தால் முகம் தானாகவே உண்மையாகிவிடும்.

அடுத்தது, ஒருவரைக் குற்றவாளியாக்குவது. மாணவர் படங்களில் பெரும்பாலும் அது பெண்தான். அவன் தாடி வளர்த்துக்கொண்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பான். அவள் எவனோ ஒருவனின் காரில் ஏறிப் போவாள். எழுதுகிறவரின் சொந்தக் காயம் அங்கே பேசுகிறது என்று புரிகிறது, அதற்காக வருத்தமும் வருகிறது. ஆனால் படம் பழிவாங்கும் கடிதமாகிவிட்டால் பார்க்கிறவருக்கு அதில் உட்கார இடம் இல்லை. நம் ஊரில் நிஜமாகவே நடப்பதை யோசியுங்கள். ஒருவருக்குச் சென்னையிலோ வளைகுடாவிலோ வேலை கிடைக்கிறது. இன்னொருவருக்கு அப்பாவின் கடையை விட முடியவில்லை. இரண்டுமே நியாயம். இரண்டு நியாயங்களையும் எழுதத் தெரிந்தால் கதை நிற்கும்.

சாதியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கதை எங்கே போவது என்று தெரியாதபோது கடைசி இரண்டு நிமிடத்தில் அப்பாவைக் கூட்டி வந்து சாதி பேசவைக்கிறார்கள். இந்தச் சீமையில் சாதி ஒரு திருப்பம் இல்லை, உயிர் போகிற விஷயம். உங்கள் காதலர்கள் வேறு வேறு சாதி என்றால், அது முதல் காட்சியிலிருந்தே அவர்கள் எந்தத் தெருவில் நடக்கிறார்கள், எந்த பஸ் ஸ்டாப்பில் தள்ளித் தள்ளி நிற்கிறார்கள் என்பதில் தெரிய வேண்டும். அதைச் சொல்லத் தைரியமும் பக்குவமும் இருந்தால் முழுப் படமாகவே சொல்லுங்கள். இல்லையென்றால் தொடாதீர்கள்.

வசனம்: வீட்டில் ‘சொல்லுதேன்’, ‘பாக்கேன்’ என்று பேசுகிற பிள்ளைகள் ஸ்கிரிப்டில் மட்டும் சென்னை சினிமாப் பேச்சு எழுதுவார்கள். அதற்கு நேர்மாறாக, வரிக்கு வரி ‘ஏலே’ போட்டு நெல்லைப் பேச்சு என்று காட்டுவதும் உண்டு. நடிப்பவர் தன் அம்மாவிடம் எப்படிப் பேசுவாரோ அப்படியே விடுங்கள். கதாபாத்திரம் தன் மனதை விளக்குகிற பின்னணிக் குரலை எடுத்துவிட்டு ஒருமுறை படத்தைப் போட்டுப் பாருங்கள். புரிகிறது என்றால் அது தேவையே இல்லை.

ஃபிரேமிலும் ஒரு சிக்கனம் வேண்டும். தொடக்கத்திலேயே குளோசப் வைத்து முகம் முகமாக வெட்டிக்கொண்டிருந்தால், பிரிவு வரும்போது காட்ட உங்களிடம் எதுவும் மிச்சம் இருக்காது. முதல் காட்சிகளில் இருவரும் ஒரே ஃபிரேமில் இருக்கட்டும். படம் போகப் போக ஆளுக்கொரு ஷாட்டாகப் பிரியுங்கள். பார்க்கிறவர்கள் அதைக் கவனிக்க மாட்டார்கள், ஆனால் உணர்வார்கள். இருவர் பேசும்போது அவர்களுக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்து, கேமராவை அதற்கு ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைத் தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவதுபோல் ஆகிவிடும். அப்புறம், பேசுகிறவரை மட்டும் எடுக்காதீர்கள். கேட்டுக்கொண்டிருக்கிறவரின் முகத்தையும் முழுக் காட்சிக்கும் தனியாக எடுத்து வையுங்கள். எடிட்டிங்கில் உங்களைக் காப்பாற்றப்போவது அதுதான்.

இடத் தேர்வில் ஊர்ப்பெருமை குறுக்கே வரும். நெல்லையப்பர் கோபுரம் ஒரு ஷாட், ஜங்ஷன் ஈரடுக்குப் பாலம் ஒரு ஷாட், இருட்டுக்கடை வாசல் ஒரு ஷாட். கதைக்கு அவற்றில் வேலை இல்லையென்றால் வெட்டிவிடுங்கள். அருவியும் எஸ்டேட்டும் வேண்டும் என்று மணிமுத்தாறு, மாஞ்சோலைப் பக்கம் கேமராவோடு கிளம்புகிறவர்கள், அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். வனத்துறை அனுமதி இல்லாமல் படம் எடுக்க முடியாது. ரயில்வே பிளாட்ஃபாரத்துக்கும் முன்அனுமதி வேண்டும். வழியனுப்புகிற காட்சியை ஸ்டேஷனுக்குள் எடுக்க முடியாவிட்டால் கவலைப்படாதீர்கள். வழியனுப்பிவிட்டு அவள் தனியாக டவுன் பஸ்ஸில் திரும்புவதை எடுங்கள், அதுவே இன்னும் நன்றாக இருக்கும்.

இப்போது ஒலிக்கு வருகிறேன். மாணவர் படங்கள் அதிகம் தோற்பது இங்கேதான், அதிலும் இந்த மாதிரிக் கதையில். இரண்டு பேருக்கு நடுவே இருக்கிற மௌனம்தான் உங்கள் கதை. அந்த மௌனத்தில் ‘கொர்ர்’ என்று இரைச்சல் ஓடினால் எல்லாம் போச்சு. கேமராவிலோ போனிலோ இருக்கிற மைக்கை நம்பாதீர்கள். நடிகருக்குக் கைக்கெட்டும் தூரத்தில், ஃபிரேமுக்குச் சற்று வெளியே மைக் இருக்க வேண்டும். வீட்டுக்குள் எடுக்கும்போது மின்விசிறியையும் ஃபிரிட்ஜையும் அணையுங்கள். ஃபிரிட்ஜுக்குள் யாராவது வண்டிச் சாவியைப் போட்டு வைத்தால், கிளம்பும்போது ஃபிரிட்ஜைத் திரும்ப ஆன் செய்ய மறக்கவே முடியாது. ஒவ்வொரு இடத்திலும் கிளம்புவதற்கு முன் எல்லோரும் அசையாமல் நின்று, யாரும் பேசாத வெறும் ஒலியை அரை நிமிடமாவது பதிந்துகொள்ளுங்கள். வசனங்களுக்கு நடுவே வெட்டி ஒட்டும் இடங்களை நிரப்ப அது இல்லாமல் முடியாது.

நம் ஊருக்கே உரிய சங்கடங்களும் உண்டு. சாரல் காலத்தில், ஆனி ஆடியில், மேற்கே இருந்து அடிக்கிற காற்று மைக்கில் வெடிக்கும். ஸ்பாஞ்சு உறை அதற்குப் போதாது. ரோமம் வைத்த உறை வாங்குங்கள், அல்லது சுவர் மறைவுக்குக் காட்சியை மாற்றுங்கள். சித்திரையிலும் ஆடியிலும் ஊர் ஊருக்குக் கோயில் கொடை, அதாவது ஊர்க்கோயில் திருவிழா, நடக்கும். குழாய் ஸ்பீக்கர் ஒருமுறை கட்டிவிட்டால் அந்தப் பகுதியில் வசனம் பதிவதை மறந்துவிட வேண்டியதுதான். தேதி குறிக்கும் முன்பே ஊர்க்காரர்களிடம் கொடைக்குக் கால் நாட்டியாச்சா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

போனில் படம் எடுத்துத் தனி ரெக்கார்டரில் ஒலி பதிகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வெளிச்சத்துக்கு ஏற்ப போன் தன் ஃபிரேம் வேகத்தை, அதாவது நொடிக்கு எத்தனை படம் பதிகிறது என்பதை, மாற்றிக்கொள்ளும். தொடக்கத்தில் உதடும் ஒலியும் சேர்ந்திருக்கும், போகப் போக விலகும். கேமரா ஆப்பில் வேகத்தைப் பூட்டுங்கள். நொடிக்கு 25 ஃபிரேம் வைத்து ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் நிறுத்தினால் இன்னொரு லாபமும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் வெளிச்சத்தில் படம் துடிக்காது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் ஒரு கைத்தட்டு போதும், எடிட்டிங்கில் ஒலியைப் பொருத்திவிடலாம்.

வெளிச்சமும் தொடர்ச்சியும்: பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பக்கம் எடுத்தால் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே போய்விடும். நாட்காட்டியில் போட்டிருக்கிற மறைவு நேரத்தை நம்பி மாலைக் காட்சியைத் திட்டமிடாதீர்கள். வயல் பின்னணி இன்னும் சிக்கல். கார் பருவ நெல் நடவு பச்சையாக இருக்கும்போது ஒரு ஷாட்டும், அறுவடைக்கு அப்புறம் அதே காட்சிக்கு மீதி ஷாட்டும் எடுத்தால் பிழைக்க வழியே இல்லை. தாமிரபரணிப் படித்துறையும் அப்படித்தான். அணையில் திறந்துவிடுகிற தண்ணீரைக் கூட்டினால் காலையில் அவர்கள் உட்கார்ந்த படி அடுத்த நாள் தண்ணீருக்குள் இருக்கும். படித்துறைக் காட்சியை ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள். நடிகரை ஆற்றில் இறக்குவதாக இருந்தால் உள்ளூர் ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். மேலே அமைதியாகத் தெரிகிற இடத்தில் கீழே கசம், அதாவது ஆழமான பள்ளம், இருக்கும்.

பாட்டு: சினிமாப் பாட்டைப் போடாதீர்கள். யூடியூபில் காப்புரிமைக் கோரிக்கை வரும், விழாக்களும் உரிமைக் கடிதம் கேட்கும். முதல் ஷாட்டிலிருந்தே சோக வயலின் ஓடினால், எதை உணர வேண்டும் என்று பார்க்கிறவருக்கு உத்தரவு போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

நடிப்பவர்களைப் பற்றி எனக்கு உண்மையிலேயே கவலை உண்டு. நிஜத்தில் காதலித்து விலகிய இருவரை, ‘தத்ரூபமாக இருக்கும்’ என்று சேர்த்து நடிக்கவைக்கிற யோசனை அடிக்கடி வருகிறது. செய்யாதீர்கள். உங்களுக்கு ஒரு படம் கிடைக்கும், அவர்களுக்கு ஆறாத புண் கிடைக்கும். கையைப் பிடிப்பது, தோளில் சாய்வது எதுவானாலும் ஸ்கிரிப்டிலேயே எழுதி, முன்னாடியே கேட்டு, ஒத்திகை பார்த்து எடுங்கள். படம் இணையத்தில் வரும் என்பதை நடிக்கிற பெண்ணிடம் முதல் நாளே சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அவளுடைய சொந்தக்காரர்கள் வாட்ஸப்பில் அந்தப் படம் சுற்றும்போது பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான். வெளியிடுவதற்கு முன் முழுப் படத்தையும் அவளுக்குப் போட்டுக் காட்டுங்கள். அவள் ஒரு ஷாட்டை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள்.

எடிட்டிங்கில் முதல் வெட்டு தயாரானதும் கதை தெரியாத சிலரைக் கூட்டி வந்து காட்டுங்கள். ‘நல்லாருக்கா?’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்லாருக்கு என்றுதான் சொல்வார்கள். ‘இவங்க ரெண்டு பேர்ல யார் மேல தப்பு?’ என்று கேளுங்கள். ஆளுக்கொரு பதில் வந்து அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் கிளம்பினால் படம் சரியாக இருக்கிறது. எல்லோரும் ஒரே ஆளைக் கை காட்டினால் மறுபடி எடிட்டிங் மேசைக்குப் போய், நீளம் கருதி வெட்டிப்போட்ட ஷாட்டுகளைத் தேடுங்கள். மற்றவர் பேசும்போது அந்த ஆள் கேட்டுக்கொண்டிருந்த முகங்கள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.