பாம்பனில் உட்கார்ந்துகொண்டு பனிமலை வரையாதீர்கள்

கேம், அனிமேஷன் இதற்கெல்லாம் ஆட்கள் நடமாடப் போகிற இடத்தை முன்கூட்டியே வரைந்து கொடுக்கிற வேலைக்கு என்விரான்மென்ட் டிசைன் என்று பெயர். அப்படி ஒரு வேலை இருக்கிறது என்று கல்லூரி முதல் வருடத்தில் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து ஒன்றரை வருடம் நான் வரைந்ததெல்லாம் பனிமலை, பாசி பிடித்த கோட்டை, அதற்குப் பின்னால் பெரிய நிலா. எங்கள் தெருவிலிருந்து வடக்கே நடந்தால் பாக் விரிகுடா, தெற்கே நடந்தால் மன்னார் வளைகுடா. பனிக்கட்டியை மீன் பெட்டியில் தவிர வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இப்போது மூன்றாம் வருடம். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் இங்கேயே உட்கார்ந்து வரைகிறேன். கொஞ்சம் தேறியிருக்கிறேன் என்று நினைக்கிறேன். தேறியதற்குக் காரணம் புது டேப்லெட்டோ புது பிரஷோ இல்லை. என் மாமா கேட்ட ஒரு கேள்விதான்.

மாமா நாட்டுப்படகில் போகிறவர். ஒருநாள் லேப்டாப்பில் நான் வரைந்திருந்த படத்தை எட்டிப் பார்த்தார். கரைக்குச் சற்றுத் தள்ளி ஏழெட்டு வள்ளங்கள் நங்கூரம் போட்டு நிற்கிற மாதிரி படம், வண்ணமெல்லாம் நன்றாகத்தான் வந்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன்டா மருமகனே, ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒவ்வொரு காத்தா அடிக்குது?" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. வெளியே போய்ப் பார்த்தேன். முகப்பில் கயிறு கட்டி நிற்கிற வள்ளமெல்லாம் காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு ஏற்ப ஒரே திசையைப் பார்த்து நிற்கும். நானோ படம் அழகாக இருக்கட்டும் என்று ஒன்றை இடது பக்கம், ஒன்றை வலது பக்கம், ஒன்றை நேராக என்று திருப்பித் திருப்பி வைத்திருந்தேன்.

சூழல் வரைகிறவர்கள் செய்கிற முதல் தவறு, எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறும், இதுதான். படத்தில் இருக்கிற பொருள் ஏன் அங்கே அப்படி இருக்கிறது என்று கேட்காமலே கொண்டுவந்து வைத்துவிடுகிறோம். யாரோ ஒருவர் ஏற்கெனவே வரைந்த படத்தைப் பார்த்து வரைந்தால் அவர் கேட்ட கேள்விக்கான விடை மட்டும்தான் நமக்குக் கிடைக்கும், கேள்வி கிடைக்காது. அவருடைய படமே இன்னொரு படத்தைப் பார்த்து வரைந்ததாக இருந்தால் கதை முடிந்தது.

தனுஷ்கோடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். இடிந்த தேவாலயத்தின் சுவர் இன்னும் நிற்கிறது. இதை வைத்து ஒரு 'கைவிடப்பட்ட நகரம்' செய்யலாம் என்று உட்கார்ந்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா, சுவர் முழுக்கக் கொடி படரவிட்டேன், மூலையில் பாசி, கீழே ஈரமான இருட்டு. இணையத்தில் 'இடிபாடு' என்று தேடினால் வருகிற படமெல்லாம் மழைக்காட்டு இடிபாடு, அதனால் என் கையும் அதையே போட்டது. தனுஷ்கோடியில் கொடி எங்கே படரும்? உப்புக்காற்று, மணல், வெயில். அந்தச் சுவர் பவளப்பாறைக் கல்லால் கட்டியது, பக்கத்தில் போய்ப் பார்த்தால் கல்லில் பவளத்தின் துளைகளும் வரிகளும் அப்படியே தெரியும். உப்பும் காற்றும் அதை அரிக்கிற விதமே வேறு, விளிம்புகள் மழுங்கி, கல்லுக்குக் கல் குழிந்து, அடியில் மணல் ஏறிக் கிடக்கும். இடிபாடு வரைவதற்கு முன் அது எப்படி இடிந்தது, இடிந்த பிறகு எது அதைத் தின்றுகொண்டிருக்கிறது என்று இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலைதான், நூறு ரெஃபரன்ஸ் படம் சேமிப்பதைவிட அதிகம் உதவும்.

மரத்துக்கும் இதே கதைதான். உடைமரம் ஏன் குடை விரித்தாற்போல் தட்டையாக இருக்கிறது, தாழைப் புதர் எங்கே அடர்கிறது, பனை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்காமல், மென்பொருளில் இலை வடிவ பிரஷ் ஒன்றை எடுத்து டப்டப்பென்று அச்சுக் குத்தினால் எல்லா மரமும் ஒரே மரமாகத்தான் வரும். நானூறு பிரஷ் உள்ள தொகுப்பு ஒன்றை இறக்கி வைத்திருந்தேன், இப்போது பயன்படுத்துவது நான்கு. உருண்டை பிரஷ் ஒன்று, தட்டை ஒன்று, கொஞ்சம் சொரசொரப்பு ஒன்று, மென்மையான ஒன்று. பனையை அந்தத் தட்டை பிரஷ்ஷிலேயே போட்டுவிடலாம், அதன் தலை உருவம் சரியாக வந்தால் போதும், ஓலையை எண்ண வேண்டாம்.

கடல் என்றால் அலை என்று போட்டுவிடுவதும் இந்த வகைத் தவறுதான். எங்கள் ஊரில் ஒரே நாளில் வடகடல் குளம் மாதிரி கிடக்கும், தென்கடல் கொந்தளிக்கும். தென்மேற்குப் பருவக்காற்று நாட்களில் அப்படி. வாடை தொடங்கிவிட்டால் தலைகீழாக மாறும், வடகடல் குமுறும், தெற்கே அமைதி. ஆக 'ராமேஸ்வரம் கடல்' என்று ஒன்று கிடையாது, எந்தப் பக்கம், எந்த மாதம் என்று முடிவு செய்த பிறகுதான் அலையின் உயரத்தையே தீர்மானிக்க முடியும்.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம், இதில்தான் நான் அதிகமாக அடி வாங்கினேன்.

மேற்கத்திய டியூட்டோரியல்களில் நடுப்பகல் காட்சியிலும் நிழல் நீளமாகச் சாய்ந்து கிடக்கும், அழகாகவும் இருக்கும், அதை அப்படியே எடுத்து நம் மீன்பிடித் துறைமுகத்தில் வைப்போம். அவர்கள் ஊரில் சூரியன் தாழ்வாகப் போகிறது, அதனால் அங்கே அது சரி. ராமேஸ்வரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 9.3 டிகிரியில் இருக்கிறது. சித்திரை பிறக்கிற அந்த ஒன்றிரண்டு நாட்களில் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சிக்கு வந்துவிடும், பன்னிரண்டே கால் வாக்கில் நின்று பாருங்கள், உங்கள் நிழல் காலடியில் ஒரு வட்டமாகச் சுருங்கியிருக்கும். ஆகஸ்ட் கடைசியிலும் இதே மாதிரி ஒருமுறை வரும். ஜூனில் இன்னும் வேடிக்கை, நடுப்பகலில் சூரியன் வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். இந்த ஊர் நடுப்பகலை வரைவது கஷ்டம் என்று ஒத்துக்கொள்கிறேன், எல்லாம் தட்டையாகத் தெரியும். ஆனால் மேலிருந்து விழுகிற வெளிச்சம் மணலில் பட்டுத் திரும்பி, படகின் அடிவயிற்றிலும், தாடைக்குக் கீழேயும், ஓலைக் கொட்டகையின் உட்கூரையிலும் ஒரு வெதுவெதுப்பான மஞ்சளைப் பூசும் பாருங்கள், அதைப் பிடித்துவிட்டால் படத்தில் சூடு வந்துவிடும். நிழலுக்குக் கருப்பை எடுத்துப் பூசுகிறவர்களுக்கு இந்த மஞ்சள் கண்ணிலேயே படாது. வானத்தைப் பார்த்திருக்கிற நிழல் நீலம் கலந்திருக்கும், மணலைப் பார்த்திருக்கிற நிழல் மஞ்சள் கலந்திருக்கும், வெறும் கருப்பு எங்குமே இருக்காது.

அடுத்தது வெண்மணல். வெள்ளை மணல்தானே என்று சுத்த வெள்ளையை ஊற்றினேன். அப்புறம் அலை நுரைக்கும், தண்ணீர் மேல் மின்னுகிற வெயிலுக்கும் எந்த வெள்ளையைப் போடுவது? கையில் ஒன்றும் மிச்சமில்லை. வண்ணத்துக்குப் போவதற்கு முன்னால் தீப்பெட்டி அளவில் நான்கைந்து சின்னப் படங்கள், மூன்றே சாயலில், அதாவது வெளிச்சம், நடு, இருட்டு என்று போட்டுப் பார்க்கச் சொல்லி எங்கள் ஆசிரியர் தலைபாடாக அடித்துக்கொண்டார், நான் கேட்கவில்லை. வரைந்து முடித்த படத்தைச் சோதிக்கவும் ஒரு வழி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயர், அதாவது தனி அடுக்கு, போட்டு முழுக்கக் கருப்பால் நிரப்பி, அதன் பிளெண்டிங் மோடை, அதாவது கீழே இருக்கிற படத்தோடு அது கலக்கிற விதத்தை, 'கலர்' என்று மாற்றினால் படம் கருப்பு வெள்ளையாகத் தெரியும். அந்த நிலையில் எது கடல், எது மணல் என்று புரியவில்லையென்றால் வண்ணம் எவ்வளவு போட்டாலும் புரியாது.

தூரத்தைக் காட்டுவதில் ஒரு சமையல் குறிப்பு எல்லாரிடமும் இருக்கிறது. பின்னால் போகப் போக வெளிறவை, நீலமாக்கு, மங்கலாக்கு. மலை அடுக்கு இருக்கிற ஊருக்கு அது பொருந்தும். ராமநாதபுரம் கடற்கரையில் மலை ஏது, கந்தமாதன பர்வதம் என்று பெயர் வைத்திருக்கிறோமே அதுவே ஒரு மணல்மேடுதான். தட்டை நிலத்தில் ஆழம் வேறு வழியில் வருகிறது. கரை, ஆழம் குறைந்த பச்சைத் தண்ணீர், கடற்புல் கிடக்கிற கரும்பட்டை, அதற்கப்பால் ஆழநீலம், தொடுவானம் என்று பட்டை பட்டையாக அடுக்க வேண்டும், அந்தப் பட்டைகளைக் குறுக்கே வெட்டுகிற மாதிரி ஒரு பனையையோ படகின் கொடிக்கம்பத்தையோ நிறுத்த வேண்டும்.

தொடுவானம் என்றதும் ஞாபகம் வருகிறது. கடல் வரைகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது, ஏனென்றால் தொடுவானக் கோடு எப்போதும் உங்கள் கண்மட்டத்திலேயே இருக்கும். சமதள மணலில் நீங்கள் நின்றுகொண்டு பார்த்தால், உங்கள் உயரமே உள்ள ஆட்களின் கண் எல்லாம், பத்தடியில் நின்றாலும் அரை கிலோமீட்டரில் நின்றாலும், அந்தக் கோட்டின் மேல்தான் வரும். நான் தூரத்து ஆட்களைக் கோட்டுக்கு மேலே மிதக்கவிட்டிருந்தேன், பார்க்கிறவர்களுக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்று தோன்றும். பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறி நின்று கீழே பாருங்கள், கரையில் நின்றபோது கோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த படகுக் கம்பமெல்லாம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். ஒரே இடம், ஒரே படகு, கண் உயரம் மட்டும் மாறியிருக்கிறது. பிளெண்டர் என்கிற முப்பரிமாண மென்பொருளில் நாலு பெட்டியைப் போட்டு கேமரா உயரத்தை மாற்றிப் பார்த்தாலும் இதே பாடம்தான், பாலத்தில் காற்று கூடுதல்.

பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரம் போகப் போகப் பொருள் சிறுத்துத் தெரிகிற கணக்கு, அதைப் படிக்க ராமேஸ்வரம் கோயில் மூன்றாம் பிரகாரத்தைவிட நல்ல வகுப்பறை வேண்டுமா? 1212 தூண்கள். உள்ளே கைபேசி கொண்டுபோக முடியாது என்று முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது அதுவே நல்லது என்று தோன்றுகிறது. பார்த்துவிட்டு வந்து வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நினைவிலிருந்து வரைவேன். முதல் தடவை தூண்களைச் சீரான இடைவெளியில் நட்டுவைத்திருந்தேன். தூரம் போகப் போக இடைவெளி நெருங்கும் என்று புத்தகத்தில் பத்துத் தடவை படித்தவன்தான். மறுநாள் திரும்பப் போய், எத்தனையாவது தூணுக்கு மேல் இடைவெளியே தெரியாமல் ஒன்றோடொன்று ஒட்டிப்போகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். படம் மாறிவிட்டது.

பாலத்தைச் சொன்னேன், ரயில் பாலத்தையும் சொல்லிவிடுகிறேன். இரும்புப் பாலம் என்றதும் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பியை இழுத்துத் துருவைப் பூசினால் முடிந்தது என்று நினைக்கிறோம். 1914இல் திறந்த பழைய பாலத்தில் கப்பல் போகிற இடத்தில் இரண்டு இறக்கைகள் பிரிந்து மேலே எழுந்தன. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறும், அதனால்தான் இரண்டு பக்கமும் உயரமான கோபுரங்கள். எப்படித் திறக்கிறது என்று தெரியாமல் வரைந்தால் கோபுரம் அலங்காரமாகிவிடும். கேமுக்கான ஒரு கற்பனைப் பாலத்தை வரையும்போதும் இது எப்படி இயங்கும், யார் இயக்குவார், அவர் எங்கே நிற்பார் என்று யோசித்தால் படிக்கட்டும் அறையும் தானாக வந்து சேரும்.

கருவி பற்றிச் சுருக்கமாக. கிரிட்டா என்கிற வரையும் மென்பொருள் இலவசம், அது போதும். ஃபோட்டோஷாப் இல்லாததால் வளரவில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது சுத்தச் சாக்கு. ஆனால் திரை விஷயத்தில் மட்டும் கவனம். கடற்கரை வெளிச்சத்தில் உட்கார்ந்து வரைந்தால் திரை மங்கலாகத் தெரியும், நாமும் படத்தை வெளுக்க வைத்துக்கொண்டே போவோம், வீட்டுக்கு வந்து பார்த்தால் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்த மாதிரி இருக்கும். வெளியே பென்சிலில் குறிப்பு எடுங்கள், வண்ணத்தை அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று திரையை மஞ்சளாக்கும் வசதி ஒன்று உண்டே, அதை அணைக்க மறந்து ஒரு வாரம் வரைந்தேன், மொத்தப் படமும் நீலம் பாரித்துப் போயிருந்தது. இன்னொன்று, 1280 பிக்சல் அகலத்தில் வரைந்த படத்தை ஏ3 தாளில் அச்சடிக்கக் கொடுத்துவிட்டு, கட்டம் கட்டமாக வந்ததும் அச்சுக்காரரிடம் சண்டைக்குப் போனேன். தவறு என்னுடையது. 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், ஏ3 என்றால் 4961க்கு 3508 பிக்சல், தொடங்கும்போதே அந்த அளவில் கான்வாஸ் போட வேண்டும்.

300 சதவீதம் பெரிதாக்கி ஓட்டின் விரிசலை வரைகிற பழக்கம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. பக்கத்தில் சின்னதாக முழுப்படம் தெரிகிற ஜன்னல் ஒன்றைத் திறந்துவைத்துக்கொள்வேன், அவ்வப்போது படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்ப்பேன். கிரிட்டாவில் எம் பொத்தானைத் தட்டினால் போதும், அதுவரை கண்ணுக்குத் தெரியாத கோணல் பளிச்சென்று தெரியும்.

முன்னேற்றம் தெரியவில்லை என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் பழைய படத்தை அழித்தவர்கள், வெட்கத்தில் நானும் முதல் வருடப் படங்களை அழித்துவிட்டேன், இப்போது ஒப்பிட ஒன்றுமில்லை. அதற்குப் பதிலாக ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வரைகிறேன், வடக்குக் கரையில் வலை காயப்போடுகிற ஒரு திட்டு. ஒவ்வொரு விடுமுறையிலும் காலை, உச்சி, மாலை, மேகம் மூடிய நேரம் என்று நான்கு, ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிடத்துக்கு மேல் கிடையாது, கோப்பின் பெயரில் தேதி.

போன மாதம் அந்த வள்ளம் படத்தை முதலிலிருந்து திரும்ப வரைந்தேன். வாடைக்காற்று நேரம், எல்லா வள்ளமும் வடகிழக்கைப் பார்த்து நிற்கின்றன, தண்ணீரில் சிற்றலை, வானம் சாம்பல். மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்து ஒவ்வொரு வள்ளமாகப் பார்த்தார்.

"எல்லாம் சரிதான். நங்கூரக் கயித்தக் காணோமே?" என்றார்.