போஸி மோதிரம்: தேய்ப்பதற்கு முன் படியுங்கள்

ஆங்கிலத்தில் 'போஸி' என்றால் பூச்செண்டு என்றும் பொருள் உண்டு என்பதால், போஸி மோதிரத்தைப் 'பூச்செண்டு மோதிரம்' என்று எழுதிவிடுகிறார்கள். முதல் சறுக்கல் அதுதான். இந்தப் போஸி, கவிதையைக் குறிக்கும் 'பொயஸி' தேய்ந்து வந்த சொல். 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தில் காதலர்கள் கொடுத்து வாங்கிய, ஒருவரிக் கவிதை பொறித்த பொன் வளையம் அது. 'கணையாழி' என்பதும் ஒட்டாது. முத்திரை குத்தும் வேலை இதற்கு இல்லை.

அடுத்த தவறு, எழுத்தைப் பார்த்துப் போலி என்று ஒதுக்குவது. 'லவ்' என்ற சொல்லில் 'வி' வரவேண்டிய இடத்தில் 'யு' இருக்கும். 'ஜே'க்குப் பதில் 'ஐ' நிற்கும். நீட்டி எழுதிய 'எஸ்', 'எஃப்' மாதிரியே தெரியும். எல்லாம் அந்தக் கால வழக்கம். 1600ஐ ஒட்டியது என்று விற்கும் மோதிரத்தில் எழுத்துக்கூட்டல் இன்றைய பாடப்புத்தகம்போல இருந்தால்தான் எனக்கு உறுத்தும்.

பழைய மோதிரங்களில் வெளிப்பக்கம் பிரெஞ்சு வரி ஓடும். 16ஆம் நூற்றாண்டில் எழுத்து உள்பக்கம் போய், விரலோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் வெளியே எழுதியிருப்பதை மட்டும் வைத்து வயது சொல்லாதீர்கள். பழைய பாணியில் பின்னாளில் செய்த நகல்களும் உண்டு.

வரியைக் காதலனே உருகி எழுதினான் என்று நம்புவதும் வேண்டாம். மோதிரம், கைக்குட்டை, கையுறைக்கென்றே வரிகளைத் தொகுத்து 1624இல் லண்டனில் புத்தகம் போட்டார்கள். 'என்னை நேசி, விட்டுப் போகாதே' என்ற மோதிர வரியை, கத்தி செய்பவன் கத்தியில் பொறிக்கும் கவிதை மாதிரி என்று ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் ஒரு பாத்திரம் கிண்டலே செய்கிறது. கடைச்சரக்குதான்; அதற்காகக் கொடுத்தவன் மனசு பொய்யாகிவிடாது.

இருப்பதிலேயே மோசமானது, தேய்ப்பது. உருப்பெருக்கியில் பார்த்தால் எழுத்துப் பள்ளத்தில் கருப்பாக ஏதோ அப்பியிருக்கும். அழுக்கென்று பல்பொடி போட்டுத் தேய்ப்பார்கள். அது எழுத்தை எடுத்துக்காட்ட நிரப்பிய எனாமலின் மிச்சமாக இருக்கலாம், போனால் போனதுதான். விரலுக்குச் சேரவில்லை என்று வளையத்தை அறுத்துச் சின்னதாக்கினாலும் இதே கதி: வெட்டுப்பட்ட இடத்தில் ஒரு சொல்லே காணாமல் போகும்.

இங்கிலாந்தில் வயலில் கிடைத்ததென்றால் சத்தமில்லாமல் பையில் போட முடியாது. 300 ஆண்டைத் தாண்டிய தங்க, வெள்ளிப் பொருள் என்றால், 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி 14 நாளுக்குள் கொரோனர் என்ற அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும்.