ஒளியை வைத்து உருவம் தேடும்போது சறுக்கும் இடங்கள்

உணவங்காடியில் திருப்பி வைக்கும் தட்டு, கரண்டியையெல்லாம் கன்வேயர் பெல்ட்டில் ஓடவிட்டு லேசரால் அடையாளம் காணலாம் என்று பலதுறைத் தொழிற்கல்லூரித் தம்பிகள் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். நல்ல யோசனைதான். முதல் லென்ஸ் படத்தின் ஃபூரியர் உருமாற்றத்தை (படத்தை அலைகளாகப் பிரித்த கோலத்தை) விரிக்கும், நடுவில் இன்னொரு திரையில் ஏற்றிய ஃபில்டர், தேடும் உருவத்தின் உருமாற்றத்தால் அதைப் பெருக்கும், இரண்டாவது லென்ஸ் உருவம் இருக்கும் இடத்தில் ஒரு வெளிச்சப் புள்ளியைக் காட்டும். 1964-இல் வாண்டர் லக்ட் என்ற ஆய்வாளர் காட்டிய வழி இது.

சறுக்கல் வேகக் கணக்கிலேயே தொடங்குகிறது. இந்த அமைப்பின் முழு நீளமான 41 செ.மீ. தூரத்தை ஒளி 1.4 நானோவினாடியில் கடந்துவிடும், சரி, ஆனால் படத்தை லேசர் ஒளியில் ஏற்றும் எஸ்எல்எம் (ஒளியைப் புள்ளி புள்ளியாக மாற்றும்) திரை 60 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு படத்துக்கே 16.7 மில்லிவினாடி. விரைவுச்சாலையில் பறந்து வந்து உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடி வரிசையில் நிற்கிற கதை. அதற்குப் பதில் டிஎம்டி எனும் நுண்கண்ணாடிச் சில்லு வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மாறும், அதில் ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளைதான், அப்புறம் கேமராவும் ஈடுகொடுக்க வேண்டும்.

கையில் கிடைத்த லென்ஸைப் போடாதீர்கள். பிக்சல் எண்ணிக்கையை, படத்திரை, ஃபில்டர் திரை இரண்டின் பிக்சல் அளவாலும் பெருக்கி அலைநீளத்தால் வகுத்தால் வருவதுதான் தேவையான குவியத்தூரம். 1024 பிக்சல், இரண்டிலும் 8 மைக்ரான், 632.8 நானோமீட்டர் சிவப்பு லேசர் என்றால் 103.6 மி.மீ. கடையில் கிடைப்பது 100. நடுவில் எல்லாம் பொருந்தும், விளிம்பில் 18 பிக்சல் விலகிப் புள்ளி மங்கிவிடும். ஃபில்டரை அந்த விகிதத்தில் சுருக்கி ஏற்றினால் தீர்ந்தது. பச்சை லேசருக்கு மாறினால் மறுபடி கணக்குப் போடுங்கள். (லென்ஸை டிரை கேபினட்டில் வையுங்கள், நம்மூர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும்.)

எனக்கு இரண்டு நாள் வீணானது கேமராவால். பெல்ட்டில் ஒன்றுமே இல்லை, புள்ளி மட்டும் பளீரென்று நிற்கிறது! லென்ஸையெல்லாம் கழற்றி மாட்டின பிறகுதான் தெரிந்தது, கேமராவின் ஆட்டோ எக்ஸ்போஷர் (வெளிச்சத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதி) இருட்டைக் கண்டதும் இரைச்சலைத் தூக்கிக் காட்டியிருக்கிறது. அதை முதலிலேயே அணைத்துவிட்டு, தெரிந்த ஒரு தட்டை வைத்துப் புள்ளியின் வெளிச்ச அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் திருப்பம். பொருள் இடம் மாறினால் புள்ளியும் கூடவே நகரும், ஆனால் பொருள் சில டிகிரி திரும்பினாலே புள்ளி சோர்ந்துவிடும். வட்டத் தட்டுக்குக் கவலையில்லை, கரண்டிக்குத்தான். 10 டிகிரிக்கு ஒன்று வைத்தாலும் 36 ஃபில்டர், 60 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 0.6 வினாடி, அதற்குள் கரண்டி கழுவும் தொட்டிக்குள் விழுந்திருக்கும்.