பழைய ஹீரோ எக்ஸ்பல்ஸ் பைக் வாங்குவதற்கு முன் எங்கெல்லாம் பார்க்க வேண்டும்

காட்டுப் பாதைகளில் ஓட்டப்பட்ட பைக்கை விலை பேசும்போது ஓடோமீட்டரை மட்டும் நம்பக் கூடாது. நெடுஞ்சாலையில் 30,000 கி.மீ. ஓடிய வண்டியைவிட, செம்மண் தடங்களிலும் ஓடைகளிலும் 8,000 கி.மீ. ஓடிய வண்டி அதிகம் தேய்ந்திருக்கலாம். தூசியும் தண்ணீரும் எங்கே புகுந்திருக்கின்றன, விழுந்த அடி எங்கே பட்டிருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும். 2019-இல் அறிமுகமான ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, 21 அங்குல முன்சக்கரமும் 220 மி.மீ. தரை இடைவெளியும் கொண்டது. அதை முன்வைத்தே இங்கே விளக்குகிறேன். மற்ற டர்ட் பைக்குகளுக்கும் பெரும்பாலும் இதே முறை பொருந்தும்.

நீங்கள் வரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கும்படி விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதில் உள்ள சிக்கலை மறைக்கிறார்களோ என்று சந்தேகப்பட இடமுண்டு. சைலன்சரில் நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள்.

அடுத்து ஏர் ஃபில்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஃபில்டர் அழுக்காக இருப்பது பெரிய குற்றமில்லை. அதைத் தாண்டி எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பதுதான் முக்கியம். அங்கே மண் ஒட்டியிருந்தால், ஃபில்டர் சரியாகப் பொருந்தாமலோ கிழிந்தோ தூசி உள்ளே போய், பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் அரித்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன். எஞ்சின் ஆயிலையும் பாருங்கள். அது பால் கலந்த காபியைப் போல வெளுத்திருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. அதில் இரும்புத் துகள் மினுங்கினால் உள்ளே ஏதோ தேய்கிறது.

விழாத டர்ட் பைக் கிடையாது என்பதால், ஹேண்டில் முனையிலும் லீவரிலும் உள்ள கீறல்களுக்காக விற்பவரிடம் சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் எஞ்சின் கேஸிங்கின் அடியில் வெல்டிங்கோ, விரிசலை அடைக்கும் எம்-சீல் பசைப் பூச்சோ இருக்கிறதா என்று குனிந்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சேசிஸில் ஹேண்டில் தண்டு பொருந்தும் கழுத்துப் பகுதியிலும், ஃபுட்ரெஸ்ட் பிணைப்புகளிலும் விரிசல் தேடுங்கள். அந்த இடங்களில் மட்டும் புது பெயின்ட் இருந்தால் காரணம் கேளுங்கள்.

முன்சக்கரம் தரையில் படாதபடி எஞ்சின் கார்டுக்கு அடியில் கட்டை கொடுத்து, ஹேண்டிலை மெதுவாக இருபுறமும் திருப்ப வேண்டும். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் சிக்கினால் ஹேண்டில் தண்டைத் தாங்கும் பேரிங்கான கோன் செட் போய்விட்டது. பின்சக்கரத்தையும் அவ்வாறே தூக்கி, பக்கவாட்டில் ஆட்டினால், அந்தச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷும் சக்கர பேரிங்கும் தளர்ந்திருப்பது தெரியும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை நாலைந்து முறை அழுத்திவிட்டு அதன் குழாயைத் துடைத்துப் பாருங்கள். ஆயில் கசிந்தால் சீல் மாற்றினால் போதும். குழாயிலேயே துருப் பள்ளமோ ஆழமான கீறலோ இருந்தால் புது சீலும் நிலைக்காது. ஆரக்கம்பிகளைச் சிறு ஸ்பேனரால் தட்டும்போது மந்தமாக ஒலிப்பவை தளர்ந்தவை. டயர், செயின் செட், பிரேக் பேட் ஆகியவை தேயும் பொருட்களே. அவற்றின் விலையைக் கழித்துப் பேசினால் போதும்.

ஓட்டிப் பார்க்கும்போது மேல் கியரில் திடீரென்று திராட்டிலைத் திருகுங்கள். எஞ்சின் சத்தம் ஏறியும் வேகம் ஏறவில்லையெனில் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. சேற்றில் அரைக் கிளட்சிலேயே ஓட்டிப் பழகியவர்களின் வண்டிகளில் இது சகஜம்.

எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி.யோடு பொருந்துகின்றனவா என்று வண்டியிலேயே பாருங்கள். கடன் பதிவு இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றான என்.ஓ.சி.யும், ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-உம் கையில் வந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள். நிலுவை அபராதங்களை இ-சலான் தளத்தில் பார்த்துவிடலாம். போட்டிக்கென்றே செய்யப்பட்ட கவாஸாகி கேஎக்ஸ் போன்ற பைக்குகளைப் பொதுச்சாலையில் ஓட்டப் பதிவு செய்ய முடியாது; அவற்றை வாங்குவோர் அசல் பில்லையும், இறக்குமதியானால் சுங்க ஆவணத்தையும் கேட்டு வாங்க வேண்டும். பதிவுள்ள வண்டிக்கு, உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.