கிட்டாரில் பிக்கிங் வேகம் ஒரே இடத்தில் நிற்கிறதா? கையைக் கொஞ்சம் கவனியுங்கள்

தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 பீட்டில் வைத்துத் தொடங்கு, தினமும் கொஞ்சம் கூட்டு, வேகம் தானாக வரும். பிக் என்ற சிறு தகட்டால் தந்தியை அடிக்கும் பிக்கிங்கைக் கற்கும் எல்லோரும் கேட்டிருக்கும் அறிவுரை இது. பலருக்கு 100, 110 வரை வரவும் செய்கிறது. அதற்கு மேல் முன்கை இறுகிப்போய், மாதக்கணக்கில் அங்கேயே நிற்கிறார்கள். பயிற்சி போதவில்லை என்று அவர்களைக் குறை சொல்வது நியாயமே இல்லை. மெதுவாக வாசித்தபோது கை பழகிக்கொண்ட அசைவுதான் பெரும்பாலும் கோளாறு.

அதில் முதலிடம் துள்ளலுக்கு. ஒவ்வொரு அடி முடிந்ததும் பிக்கை மேலே தூக்கி, மறுபடி இறக்குகிறோம். மெதுவான வேகத்தில் இது தெரியாது. ஒலியும் சுத்தமாகவே இருக்கும். ஆனால் 120-இல் பீட்டுக்கு 4 நோட் என்றால் நொடிக்கு 8 அடி. டவுனுக்கு (கீழ்நோக்கிய அடி) ஒரு தூக்கல், அப்புக்கு (மேல்நோக்கிய அடி) ஒரு தூக்கல் என்று அதே தசைகள் ஓய்வில்லாமல் உழைத்தால் எப்படித் தாங்கும்?

சோதிப்பது எளிது. ஒரே தந்தியில், மற்றக் கைக்கு வேலையே தராமல், ட்ரெமோலோ மாதிரி, அதாவது ஒரே நோட்டை விடாமல், சில நொடிகள் முடிந்த வேகத்தில் அடித்துப் பாருங்கள். செல்போனில் ஸ்லோ மோஷனில் படம் பிடியுங்கள். அப்புறம் வழக்கமான மெதுவான பயிற்சியையும் படம் பிடியுங்கள். இரண்டிலும் அசைவு வேறு வேறாக இருந்தால், மெதுவாகப் பழகியது வேகத்துக்கு உதவாத அசைவு. வேகத்தில் இலகுவாக வந்த அசைவை எடுத்துக்கொண்டு, அதையே மெதுவாக்கிப் பழகுவதுதான் சரியான வரிசை.

அடுத்தது தந்தி மாறும் இடம். பிக் லேசான சாய்வில் போய் வரும்போது, ஒரு பக்க அடி தந்திகளுக்கு நடுவே சிக்கி முடியும்; மறு பக்க அடி வெளியே வந்து முடியும். உங்களுக்கு அப் ஸ்ட்ரோக் வெளியே வருகிறது என்றால், தந்தி மாற வேண்டியது அதற்குப் பிறகுதான். டவுனில் தொடங்கினால், தந்திக்கு 2 அல்லது 4 நோட் உள்ள வரிகள் அழகாக ஓடும். தந்திக்கு 3 நோட் ஸ்கேலில் டவுனில் முடிந்து மாட்டிக்கொள்வீர்கள். கை மந்தம் என்று நொந்துகொள்ள இதில் ஒன்றுமில்லை. வேகத்துக்குப் பேர்போன ராக் கிட்டாரிஸ்ட் யிங்வே மால்ம்ஸ்டீன் வாசிப்பதைக் கவனித்தால், மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது இப்படிப்பட்ட இடத்தில் அதே டவுன் ஸ்ட்ரோக்கை அடுத்த தந்திக்கும் தொடர்வது தெரியும். ஜிப்ஸி ஜாஸ் என்ற ஐரோப்பிய ஜாஸ் பாணியின் கலைஞர்களும் டவுன் அடித்த பிக்கை அடுத்த தந்தியின் மேல் சாய்த்து நிறுத்துவார்கள். புதுத் தந்தியைப் பெரும்பாலும் டவுனிலேயே தொடங்குவார்கள். அசைவுக்கு ஏற்றபடி வரியை அமைத்துக்கொள்வதும் நுட்பம்தான்.

பிக் பிடிப்பில் இரண்டு விஷயம். பிக்கின் நுனி விரலுக்கு வெளியே அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால் தந்தியில் ஆழமாக மாட்டும். 2, 3 மில்லிமீட்டர் தெரிந்தால் போதும். அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய பிக் வளைந்து திரும்புவதற்குள் அடுத்த நோட் வந்துவிடும். ஒற்றைத் தந்தி வரிகளுக்கு 1 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருப்பதே என் தேர்வு.

சுண்டுவிரலை கிட்டாரின் மேல் ஊன்றலாமா என்ற வாதம் முடிவதே இல்லை. தொட்டுக்கொண்டிருப்பதில் தவறில்லை, அழுத்தினால்தான் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும்.

ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை மட்டும் வைத்துப் பயிற்சி செய்யாதீர்கள். அடிகளின் சமமின்மையை அது மூடிவிடும். எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப்ளிஃபயரில் பிளக் செய்யாமலே வாசித்துப் பழகினால், காதில் விழ வேண்டுமே என்று கை முரட்டுத்தனமாக அடிக்கத் தொடங்கும். டிஸ்டார்ஷன் இல்லாத கிளீன் ஒலியில், ஒவ்வொரு பீட்டின் முதல் நோட்டை மட்டும் சற்று அழுத்தி வாசியுங்கள். இரண்டு கைகளும் சேர்ந்து இறங்குகின்றனவா என்பது உடனே கேட்கும். பிக்கிங் கோளாறு என்று நினைப்பதில் கணிசமானவை, மற்றக் கையில் பிரெட் (கிட்டார் கழுத்தின் குறுக்குக் கம்பி) அழுத்தும் விரல் பிந்துவதால் வருபவை.

களைப்பு வேறு, வலி வேறு. மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மறுநாளும் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.